கிண்டில் வாங்கியாயிற்று, புத்தகத்துக்கு எங்கே போவது?

எங்கள் வாசகர் வட்டத்தில் ஏழெட்டுப் பேர் அடுத்தடுத்து மின்வாசிப்பான் வாங்கிவிட்டார்கள். வாங்கிய கையோடு எல்லோருக்கும் ஒரே கவலை: இதில் எதைப் படிப்பது, எவ்வளவு செலவாகும்? பல வருடமாக இதிலேயே படிக்கிறவன் என்பதால் கேள்விகளை என்னிடம் கொடுத்தார்கள். கொஞ்சம் சுருக்கி, பதிலோடு தருகிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்: தம்பி, மகன் கிண்டில் வாங்கிக் கொடுத்திருக்கிறான். திறந்தால் எல்லாமே விலை. காசில்லாமல் நல்ல தமிழ்ப் புத்தகம் கிடைக்குமா?

நிறையவே கிடைக்கும் அம்மா. முதலில் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்துக்குப் போங்கள். தன்னார்வலர்கள் நடத்துவது. எழுத்தாளர்கள் தாங்களே மனமுவந்து பொது உரிமத்தில் கொடுத்த புத்தகங்களும், உரிமைக்காலம் முடிந்த பழைய நூல்களும் இருக்கும். இபப் என்ற மின்னூல் வடிவத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது, மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கியது. சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு நாவல் வரை உலகெங்கும் இருக்கும் தமிழர்கள் தட்டச்சு செய்து, பிழை பார்த்து ஏற்றியிருக்கிறார்கள். உங்களுக்கு நான் சொல்லும் முதல் புத்தகம் உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ தான். அச்சில் தூக்கிப் பிடிக்கக் கை வலிக்கும். கிண்டிலில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு சாவகாசமாகப் படிக்கலாம்.

மூன்றாவது, விக்கிமூலம், விக்கிப்பீடியா குடும்பத்தைச் சேர்ந்த இணைய நூலகம். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

வங்கி ஊழியர்: பொன்னியின் செல்வன் கிண்டில் கடையில் பல விலையில் இருக்கிறதே, எதை வாங்குவது?

எதையும் வாங்க வேண்டாம். கல்கி 1954இல் காலமானார். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்த ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை. அந்தக் கணக்கிலேயே 2015 முதல் அவர் எழுத்து எல்லோருக்கும் பொது. தமிழ்நாடு அரசு அதற்கு முன்பே அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. ஐந்து பாகமும் மதுரைத் திட்டத்தில் இலவசமாக இருக்கிறது.

விலை குறைவு என்று ஏதோ ஒன்றை வாங்குவதில் இன்னொரு சிக்கல் உண்டு. அச்சுப் பக்கத்தை ஸ்கேன் செய்து, கணினியை விட்டு எழுத்தாக்கி, யாரும் படித்துப் பார்க்காமல் விற்பனைக்கு வைத்த பதிப்புகள் இருக்கின்றன. கணினிக்கு ‘ர’வும் துணைக்காலும் ஒன்றுபோலத் தெரியும். மரம் ‘மாம்’ ஆகிவிடும், மரத்தடி ‘மாத்தடி’ ஆகிவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் கொம்பு வைத்த பழைய ‘லை’, ‘னை’ எல்லாம் இன்னும் குழப்பம். எந்தப் புத்தகமானாலும் இலவச மாதிரிப் பக்கங்களை இறக்கி, நாலு பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள்.

கல்லூரி மாணவர்: அண்ணா, பிடிஎஃப் நிறைய சேர்த்து வைத்திருக்கிறேன். கிண்டிலில் போட்டால் எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது. கருவியில் கோளாறா?

கருவியில் கோளாறு இல்லை தம்பி. பிடிஎஃப் என்பது தாளின் படம் மாதிரி. ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். ஆறு அங்குலத் திரையின் அகலம் சுமார் 9 சென்டிமீட்டர். அந்தத் தாளை இந்தத் திரைக்குள் அடக்கினால் 12 பாயிண்ட் அளவு எழுத்து 5 பாயிண்டுக்கு வந்துவிடும். இபப்பில் வாசகம் திரைக்கு ஏற்ப மடிந்து கொடுக்கும். அதனால் எங்கே இபப் கிடைத்தாலும் அதையே எடுங்கள். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸில் ஆறு அங்குலத்துக்கென்றே தயாரித்த பிடிஎஃப்பும் உண்டு.

ஸ்கேன் பிடிஎஃப் மட்டும்தான் இருக்கிறது என்றால் திரையைப் படுக்கைவாக்கில் திருப்புங்கள். பாதிப் பக்கமாவது தெளிவாகத் தெரியும். கே2பிடிஎஃப்ஆப்ட் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அது ஓரத்து வெள்ளையை வெட்டி, வரிகளைச் சின்னத் திரைக்கு ஏற்ப உடைத்து அடுக்கித் தரும். தமிழா ஆங்கிலமா என்று அதற்குக் கவலையில்லை, படத்தைத்தான் வெட்டுகிறது.

இல்லத்தரசி: இறக்கிய புத்தகத்தைக் கிண்டிலுக்குள் எப்படி அனுப்புவது? கணினி எனக்குப் பழக்கமில்லை.

செல்பேசி போதும். உங்கள் கிண்டிலுக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கும். அமைப்புப் பகுதியில் (செட்டிங்ஸ்) பாருங்கள், கிண்டில்.காம் என்று முடியும். இபப்பை அந்த முகவரிக்கு இணைப்பாக அனுப்பினால் வந்துவிடும். ஆனால் நீங்கள் அனுப்பும் முகவரியை அமேசான் கணக்கில் ‘அனுமதிக்கப்பட்டவர்’ பட்டியலில் முதலில் சேர்க்க வேண்டும். பெரும்பாலும் தடுக்குவது இங்கேதான்.

மோபி என்ற பழைய கிண்டில் வடிவக் கோப்பை இந்த வழியில் இப்போது ஏற்பதில்லை. இபப்பாக அனுப்புங்கள். சில இபப் போகாமல் திரும்பி வரும். அப்போது காலிபர் என்ற இலவச மென்பொருளில் இபப்பை மறுபடி இபப்பாகவே மாற்றி அனுப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கு மட்டும் வீட்டில் யாரிடமாவது கணினியைக் கேட்டு வாங்குங்கள்.

கோபோ என்ற வேறொரு மின்வாசிப்பான் வைத்திருப்பவர்: எனக்குத் தமிழ் கட்டம் கட்டமாக வருகிறதே?

கோபோவைக் கணினியில் இணைத்து, ‘ஃபாண்ட்ஸ்’ என்று ஆங்கிலத்தில் பெயரிட்டு ஒரு கோப்புறை உருவாக்குங்கள். நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை அதில் போட்டு, படிக்கும்போது அதைத் தேர்ந்தெடுங்கள். கொம்பும் காலும் இடம் மாறித் தெரிந்தால் கோப்பைக் கோபோவுக்கே உரிய கெபப் வடிவத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

ஐடி ஊழியர்: ஒரு குழுவில் சுஜாதா நூல்கள் மொத்தமும் பிடிஎஃப்பாக வந்தது. எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். சுஜாதா 2008இல் மறைந்தார். உரிமை 2068 முடியும் வரை இருக்கிறது. இப்போது எழுதிக்கொண்டிருப்பவர்களின் நூல்களும் அதே குழுவில்தான் சுற்றும், அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. தமிழில் முந்நூறு பிரதி விற்கவே பாடுபடுகிற புத்தகங்கள் உண்டு. அதில் ஐம்பது பேர் பிடிஎஃப்பில் படித்துவிட்டால் அடுத்த புத்தகத்தைப் போடப் பதிப்பாளர் யோசிப்பார். பொதுவில் கிடைப்பதை ஆசை தீர இலவசமாகப் படியுங்கள். மிச்சமாகும் பணத்தில் இவர்கள் நூல்களை வாங்குங்கள்.

அவரே மறுபடி: சரி, குறைந்த செலவில் வாங்க வழி?

கிண்டில் அன்லிமிடெட் மாதச் சந்தாவில் தமிழ் நிறைய இருக்கிறது. நீங்கள் படிக்கும் பக்கக் கணக்கில் எழுத்தாளருக்குப் பணம் போகும். சந்தாவை நிறுத்தினால் புத்தகமும் போய்விடும், அதனால் மாதம் நாலு புத்தகமாவது படிக்கிறவர்களுக்கே லாபம். மற்றவர்கள் வேண்டிய நூல்களைப் பட்டியலில் சேர்த்து விலை இறங்கக் காத்திருங்கள். அன்லிமிடெட் திட்டத்தில் தாங்களே பதிப்பிக்கும் எழுத்தாளர்கள் 90 நாளில் 5 நாள் வரை நூலை இலவசமாகத் தரலாம். பிடித்த எழுத்தாளர் அப்படி அறிவிக்கிறாரா என்று கவனியுங்கள்.

யாழ்ப்பாணத்துக்காரர்: ஈழத்து நூல்களை எங்கே தேடுவது அண்ணா?

‘நூலகம்’ என்ற பெயருடைய இணையதளத்தில். 2005இல் தொடங்கியது. புத்தகம் மட்டுமல்ல, இதழ்கள், சிறப்பு மலர்கள், துண்டுப் பிரசுரங்கள் வரை சேர்த்திருக்கிறார்கள். 1981இல் உங்கள் ஊர் நூலகம் எரிந்ததை நினைத்துக்கொண்டு அந்தப் பட்டியலைப் பார்த்தால் மனம் நெகிழ்ந்துவிடும். பெரும்பாலும் ஸ்கேன் பிடிஎஃப் என்பதால், மேலே தம்பிக்குச் சொன்ன வழி உங்களுக்கும்.

ஏழு வயதுப் பெண்ணின் அப்பா: குழந்தைக்கு?

பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர். தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கலாம். ஆனால் கறுப்பு வெள்ளைத் திரையில் படங்களின் அழகு போய்விடும். டேப்லெட்டில் காட்டுங்கள்.

தமிழாசிரியை மறுபடி: இத்தனை பேர் சும்மா உழைத்துக் கொடுக்கிறார்களே. நான் ஏதாவது செய்ய முடியுமா?

உங்களைப் போன்றவர்களைத்தான் விக்கிமூலம் தேடிக்கொண்டிருக்கிறது அம்மா. நாட்டுடைமை நூல்களின் ஸ்கேன் ஒரு பக்கம், கணினி படித்த எழுத்து இன்னொரு பக்கம் இருக்கும். ஒப்பிட்டு, ‘மாம்’ என்று இருப்பதை ‘மரம்’ ஆக்க வேண்டும். மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் பார்த்தால் மஞ்சள். இரண்டாமவர் சரிபார்த்தால் பச்சை. பச்சை நிறைந்த நூலை இபப்பாக இறக்கினால் உறுத்தாமல் படிக்கலாம். சிவப்பு இன்னும் ஏராளமாகக் கிடக்கிறது. நாற்பது பேர் கட்டுரை நோட்டை ஒரே மூச்சில் திருத்திய கண் உங்களுடையது. வரும் ஞாயிறு கூட்டத்துக்கு மகனின் மடிக்கணினியை எடுத்து வாருங்கள், முதல் பக்கத்தைச் சேர்ந்தே திருத்துவோம்.