மூவண்ணப் பூனைக்கு ஆண் குட்டி: காத்திருக்கலாமா?

கேள்வி: மண்டபம் ஊரில் எங்கள் வீட்டுப் பூனைக்கு வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் மூன்று நிறமும் உண்டு. மூன்று ஈத்திலும் பிறந்த மூவண்ணக் குட்டிகள் எல்லாம் பெட்டைதான். ஆண் மூவண்ணக் குட்டிக்கு நல்ல விலை தருவதாக ஒருவர் சொல்கிறார். இன்னும் ஈன விடலாமா, கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாமா?

பதில்: ஆபரேஷன் செய்துவிடுங்கள். காரணம் கொஞ்சம் சுவாரசியமானது.

செம்மஞ்சளா கறுப்பா என்று முடிவு செய்யும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. கடுவனுக்கு எக்ஸ் ஒன்றுதான், ஆகவே இரண்டில் ஒரு நிறம்தான் வாய்க்கும். பெட்டைக்கு இரண்டு. (வெள்ளை வேறு கதை, அது வேறு குரோமோசோமின் வேலை.)

பெட்டைக் கரு சிறு செல் திரளாக இருக்கும்போதே, ஒவ்வொரு செல்லும் தன் இரண்டு எக்ஸில் ஒன்றை வாயடைத்துவிடுகிறது. எதை என்பது குருட்டு அதிர்ஷ்டம். 1961-இல் மரபியல் அறிஞர் மேரி லயன் சொன்னது இதைத்தான். முதலில் எக்ஸிஸ்ட் என்ற ஆர்என்ஏ (மரபணுவிலிருந்து நகலாகும் மூலக்கூறு) அந்தக் குரோமோசோமைப் போர்த்திக்கொள்கிறது. மெத்தில் அப்புறம்தான் வருகிறது: மரபணுக்களின் தொடக்கப் பகுதியிலுள்ள, டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் மீது, ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த சின்ன ஒட்டு. ஒட்டு விழுந்தால் மரபணுவைப் படிக்கும் புரதங்கள் அங்கே வேலை செய்ய முடியாது. மரபணு அழிவதில்லை. தடைக்காலத்து விசைப்படகு மாதிரி, எஞ்சின் உள்ளேதான் இருக்கும், ஓடாது. என்ன, அந்தத் தடை 61 நாளில் முடிந்துவிடும், இது முடியாது. செல் பிரியும்போதெல்லாம் டிஎன்எம்டி1 என்ற நொதி பழைய டிஎன்ஏ இழையின் ஒட்டுகளைப் பார்த்துப் புது இழையிலும் போட்டுவிடும். ஒரு செல்லின் வாரிசுகள் அத்தனையும் ஒரே முடிவைச் சுமக்கும். உங்கள் பூனை முதுகில் தெரியும் திட்டுகள் அவைதான்.

2001-இல் டெக்சாஸில் ஒரு மூவண்ணப் பூனையைக் குளோன் செய்தார்கள், அதாவது அதன் ஒரு செல்லிலிருந்தே நகல் குட்டி உருவாக்கினார்கள். பிறந்த குட்டியில் செம்மஞ்சளே இல்லை! எடுத்த செல்லில் செம்மஞ்சள் எக்ஸ் அடைபட்டிருந்தது, கடைசிவரை திறக்கவில்லை.

இயல்பான இனப்பெருக்கத்தில், முட்டை உருவாகும்போது இந்த அடைப்பு நீங்கிவிடும். அதனால் தாயின் திட்டுகள் அப்படியே குட்டிக்கு இறங்காது. தாய்க்குச் சூடை மீனை அள்ளிப் போட்டாலும் ஆண் மூவண்ணம் வராது.

ஆண் மூவண்ணம் இல்லவே இல்லையா? உண்டு. சுமார் 3,000 மூவண்ணப் பூனைகளில் ஒன்று. பெரும்பாலும் தவறுதலாக எக்ஸ் ஒன்று கூடுதலாகச் சேர்ந்த கடுவன், அநேகமாக மலடு. அதற்காக உங்கள் பூனை எத்தனை ஈத்து ஈனும்?

இப்போது குட்டிகள் இருந்தால், அவை பால் மறக்கும்வரை பொறுத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அதற்குள் அது மறுபடி சினையாகிவிடலாம், வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.