டீசல் பம்ப்பை மாற்றுவதா, பழையதையே சீர் செய்வதா?

கேள்வி: நாமக்கல்லில் 2012-ஆம் ஆண்டுப் பதிவு கொண்ட பத்துச் சக்கர லாரி ஒன்றைச் சொந்தமாக வைத்து ஓட்டுகிறேன். பெங்களூரு, புனே பக்கம் மாதம் சுமார் 6,000 கிலோமீட்டர் ஓடுகிறது. முன்பு லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 3.5-தான் கொடுக்கிறது. இன்ஜினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப்பில் இப்போது 10 மி.மீ. எலிமென்ட் (டீசலைத் தள்ளும் சிறு உருளை) இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு, 12 மி.மீ. எலிமென்ட் உள்ள பெரிய பம்ப்பும் புதிய நாசில்களும் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் முனைகள்) பொருத்தினால் பழைய மைலேஜ் வரும், மேட்டில் இழுவையும் கூடும் என்கிறார் மெக்கானிக். செலவு 1,10,000 ரூபாய். இருக்கிற பம்ப்பையே பிரித்துச் சீர் செய்ய 35,000 ஆகுமாம். கையில் 60,000 இருக்கிறது. மீதியை ஒன்றரை வட்டிக்கு வாங்க வேண்டும். இரண்டு ஆண்டுகளில் வண்டியை விற்றுவிடும் எண்ணமும் உண்டு. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மெக்கானிக் போட்ட கணக்கு மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகவே தோன்றும். 3.5 மைலேஜில் மாதம் 1,714 லிட்டர் டீசல் செலவாகிறது. 4 கிடைத்தால் 1,500 லிட்டர் போதும். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் மாதம் ஏறக்குறைய 19,700 ரூபாய் மிச்சமாகி, போட்ட பணம் ஆறு மாதத்திற்குள் திரும்பிவிடும். ஆனால் இந்தக் கணக்கு புதிய பம்ப்பைத் தேய்ந்துபோன பம்ப்போடு ஒப்பிடுகிறது. ஒப்பிட வேண்டியது, சீர் செய்து காலிபரேஷன் (டீசல் அளவைச் சரியாக அமைக்கும் வேலை) முடித்த உங்கள் பழைய பம்ப்போடு.

அந்த 35,000 ரூபாய் வேலைக்குப் பிறகு வண்டி 3.9 கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் 1,538 லிட்டர். மிச்சம் சுமார் 16,200 ரூபாய். இரண்டு மாதத்தைச் சற்றுத் தாண்டியதும் முதல் வந்துவிடும். 3.7 மட்டுமே கொடுத்தாலும் ஏறக்குறைய நான்கு மாதம் போதும். இதற்கு மேல் பெரிய பம்ப் தரக்கூடியது 3.9-க்கும் 4-க்கும் உள்ள இடைவெளியை மட்டுமே, அதாவது மாதம் 3,500 ரூபாய் அளவுக்கு. அந்த 3,500-க்காக நீங்கள் கூடுதலாகப் போடுவது 75,000 ரூபாய். வட்டியே இல்லாவிட்டாலும் அது திரும்ப 21 மாதம் ஆகும்; அந்த முழுத் தொகைக்கும் ஒன்றரை வட்டியைச் சேர்த்துப் பார்த்தால் 25 மாதத்தைத் தாண்டிவிடும். நீங்களோ 24 மாதத்தில் வண்டியை விற்கப் போகிறீர்கள். வாங்க வருபவர் டயரையும் எஃப்சி (தகுதிச் சான்று) தேதியையும் பார்த்து விலை பேசுவாரே தவிர, பம்ப்புக்கென்று தனியாக விலை ஏற்றித் தருவார் என்று நான் நம்பவில்லை.

பெரிய பம்ப் மைலேஜைக் கூட்டும் என்பதையே நான் ஐயத்தோடுதான் பார்க்கிறேன். எலிமென்ட்டின் விட்டம் 10-லிருந்து 12 மி.மீ. ஆனால் அதன் பரப்பு 44 சதவீதம் கூடுகிறது. அதே வீச்சில் அவ்வளவு அதிகமான டீசலைத் தள்ளும் திறன் அதற்கு வந்துவிடும். அந்த டீசல் முழுதாக எரிய அதற்கேற்ற காற்று வேண்டும். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவை மாற்றாமல் டீசலை மட்டும் கூட்டினால், மிகுதி கரும்புகையாக வெளியேறுவதோடு, பிஸ்டனும் டர்போவும் தாங்க வேண்டிய வெப்பமும் ஏறும். இழுவை கூடும் என்பது உண்மைதான். தொப்பூர் கணவாயில் ஏறும்போது அதை நீங்களே உணர்வீர்கள். ஆனால் மேட்டில் மிச்சமாகும் நிமிடங்கள் மாதத்திற்கு ஒரு நடையைக் கூட்டினால் ஒழிய வருமானமாகாது. ரிட்டர்ன் லோடுக்காகப் புனேயில் ஒரு நாள் காத்திருந்தால் அவ்வளவும் அங்கேயே கரைந்துவிடும். இழுவை கூடிய தைரியத்தில் அதிக பாரம் ஏற்ற நினைத்தால், பிடிபடும்போது அபராதம் 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும்.

சட்டத்தின் பக்கத்தையும் மெக்கானிக் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்திற்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். எட்டு ஆண்டைத் தாண்டிய உங்கள் வண்டி ஆண்டுதோறும் எஃப்சிக்குப் போக வேண்டியது. கரும்புகை கக்கும் வண்டி அங்கே திருப்பி அனுப்பப்பட்டால் நிற்கும் நாட்களும் நட்டக் கணக்கில்தான் சேரும். தெரிவிக்காமல் செய்த மாற்றத்தைக் காட்டி விபத்து இழப்பீட்டில் காப்பீட்டு நிறுவனம் தகராறு செய்யவும் இடமுண்டு.

செலவை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று யாரேனும் சொன்னால், நீங்கள் எந்த முறையில் வரி கட்டுகிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். பத்து சரக்கு வாகனங்களுக்கு மிகாமல் வைத்திருப்போருக்கான உத்தேச வருமான முறையில், கனரக வாகனத்தின் மொத்த எடையில் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானமாகக் கொள்ளப்படுகிறது. ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) 25 டன் என்றிருந்தால் ஆண்டுக்கு 3,00,000 ரூபாய். பம்ப்புக்கு ஒரு லட்சம் செலவழித்தாலும் இந்தத் தொகை ஒரு ரூபாய்கூடக் குறையாது.

ஆகவே 35,000 ரூபாய் வேலையைக் கைப்பணத்திலேயே செய்யுங்கள், கடன் வேண்டாம். மீதி 25,000-ஐ டயருக்கும் காப்பீட்டுப் புதுப்பிப்புக்கும் தொடாமல் வையுங்கள். ஆனால் அந்த 35,000-ஐக் கொடுப்பதற்கு முன், மைலேஜ் குறைந்ததற்குப் பம்ப்தான் காரணமா என்று உறுதி செய்துகொள்வது நல்லது. அடைத்த ஏர் ஃபில்டர், கசியும் டர்போ ஹோஸ், பிடித்துக்கொண்டு நிற்கும் பிரேக், காற்றுக் குறைந்த டயர் ஆகிய எதுவும் அரை கிலோமீட்டரை விழுங்கக்கூடியதே. வழியில் டேங்கிலிருந்து டீசல் திருட்டுத்தனமாக இறக்கப்படுகிறதா என்பதையும், சங்கடமாக இருந்தாலும், பார்த்துவிடுங்கள். இவற்றைச் சரிபார்த்த பின், ஒரே பெட்ரோல் பங்க்கில் டேங்கை முழுதாக நிரப்பி, ஒரே பாதையில், ஏறக்குறைய ஒரே எடையோடு மூன்று நடை ஓட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்போதும் 3.5 என்றால் பம்ப்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, ஆறு சிலிண்டருக்கும் தனித்தனியே எவ்வளவு டீசல் போகிறது என்ற அளவைத் தாளில் எழுதி வாங்குங்கள். வேலை முடிந்த பிறகும் அதே அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். பம்ப்பின் உடலோ, எலிமென்ட்டுகளை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்ட்டோ தேய்ந்து, சீர் செய்ய முடியாது என்று தெரியவந்தால் மட்டும் வேறு பம்ப் வாங்கலாம். அப்போதும் உங்கள் இன்ஜினுக்குத் தயாரிப்பாளர் குறித்த அதே 10 மி.மீ. வகையையே கேளுங்கள்.