குளிர்கால விடுமுறையும் சைக்கிள் குழுவும்: வாசகர் கேள்விகள், பதில்கள்

குளிர்கால விடுமுறை நெருங்கும்போது பொழுதுபோக்காகச் சைக்கிள் ஓட்டும் குழுக்களிடமிருந்து வரும் கடிதங்களின் எண்ணிக்கை கூடிவிடுகிறது. அவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். பெரும்பாலான கேள்விகளுக்குள் சக உறுப்பினர் எவர் மீதோ ஒரு குறை ஒளிந்திருப்பதால், கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: டிசம்பர் 24 முதல் 31 வரை எட்டு நாள்களில் 500 கிலோமீட்டர் ஓட்டும் சவாலைக் குழு முழுவதும் ஏற்க வேண்டும் என்று எங்களில் சிலர் வற்புறுத்துகிறார்கள். வாரம் ஒருமுறை மட்டும் ஓட்டும் நாங்கள் தயங்குகிறோம். குழுவே இரண்டுபட்டுக் கிடக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: இந்தச் சவால், ரஃபா என்னும் சைக்கிள் உடை நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருந்த கிரேம் ரேபர்ன் 2010ஆம் ஆண்டில் மேற்கொண்ட ஒரு தனிப்பட்ட முயற்சியிலிருந்து பிறந்து, பின்னர் ஓட்டிய தூரத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியின் வழியாகப் பல நாடுகளுக்கும் பரவியது. ஒருவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட இலக்கைப் பிறர் மீது கட்டாயமாகச் சுமத்துவது அதன் இயல்புக்கே பொருந்தாது என்பதை வற்புறுத்துபவர்களிடம் முதலில் சொல்லிப் பாருங்கள்.

அதற்கும் அவர்கள் இணங்காவிட்டால் கணக்கைக் காட்டுங்கள். 500 கிலோமீட்டரை எட்டு நாள்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 62.5 கிலோமீட்டர் வருகிறது. மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவருக்கு ஓட்டும் நேரம் மட்டுமே ஏறத்தாழ 2 மணி 50 நிமிடம் ஆகும். குளிருக்கான உடைகளை ஒவ்வொன்றாக அணிவது, வழியில் நிற்பது, திரும்பியதும் சேறு படிந்த சைக்கிளைத் துடைப்பது ஆகியவற்றையும் சேர்த்தால் நான்கு மணி நேரம் போய்விடும். பண்டிகைக்காக இரண்டு நாள்களை விட்டுவிட்டால், மீதமுள்ள ஆறு நாள்களிலும் தலா 83 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியாக வேண்டும். வடக்கே 50 பாகை அட்சரேகையை ஒட்டி வாழ்பவர்களுக்கு இந்த நாள்களில் பகல் வெளிச்சமே எட்டு மணி நேரம்தான் என்பதால், அங்கே இந்தச் சவால் விடுமுறையையே விழுங்கிவிடும். அதோடு, வாரத்துக்கு 50 கிலோமீட்டர் ஓட்டிப் பழகிய உடல் திடீரென்று அதைப்போலப் பத்து மடங்கு தூரத்துக்குத் தாவினால், முழங்காலும் இருக்கையில் அழுந்தும் பகுதியும் மூன்றாம் நாளிலேயே முறையிடத் தொடங்கும்.

ஆகவே அந்த எட்டு நாள்களில் மூன்று நாள்களைக் குழுவுக்கென்று ஒதுக்கி, 30 அல்லது 40 கிலோமீட்டர் தூரத்தை மெதுவாக ஓட்டும் திட்டத்தை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். சவாலை ஏற்றவர்கள் குழு புறப்படுவதற்கு முன்பே தனியாகச் சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்து சேரலாம். குழு கலைந்த பிறகு மீதத் தூரத்தை முடிக்கலாம். குழுவோடு இருக்கும் நேரத்தில் மட்டும் அவர்கள் தங்கள் சராசரி வேகத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று ஒரு விதி வைப்பதில் தவறில்லை. இன்னொரு வழியும் உண்டு. பத்துப் பேர் சேர்ந்து மொத்தமாக 500 கிலோமீட்டர் எட்டுவது என்று வைத்துக்கொண்டால் ஒருவருக்கு 50 கிலோமீட்டர்தான் வரும். செயலி அதற்குப் பதக்கம் வழங்காது என்றாலும், எனக்கு இதுவே மேலானதாகப் படுகிறது.

கேள்வி: வெப்பநிலை எவ்வளவுக்குக் கீழே இறங்கினால் குழுச் சவாரியைக் கைவிட வேண்டும்? எங்கள் குழுவில் ஒவ்வொருவரும் ஒவ்வோர் எண்ணைச் சொல்கிறார்கள்.

பதில்: ஓர் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பதால்தான் உங்களுக்குள் இந்த வாக்குவாதம் ஓயாமல் இருக்கிறது. குளிர் வேறு, பனிக்கட்டி வேறு. முன்னதை உடையால் சமாளிக்கலாம், பின்னதைச் சமாளிக்க முடியாது.

முதலில் குளிரைப் பார்ப்போம். காற்றே வீசாத நாளிலும் சைக்கிள் ஓட்டுபவர் தமது வேகத்தாலேயே ஒரு காற்றை உண்டாக்கிக்கொள்கிறார். அமெரிக்காவிலும் கனடாவிலும் 2001 முதல் வழக்கிலுள்ள காற்றுக்குளிர்ச் சூத்திரத்தின்படி, 5 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் மணிக்கு 25 கிலோமீட்டர் காற்று முகத்தில் அடித்தால் ஏறக்குறைய 0 டிகிரியைப் போலவும், 0 டிகிரியில் அதே காற்று அடித்தால் ஏறக்குறைய மைனஸ் 6 டிகிரியைப் போலவும் உணரப்படும். உடல் தன் நடுப்பகுதியின் வெப்பத்தைக் காப்பாற்றுவதற்காகக் கை, கால் விரல்களுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துக்கொள்வதால், முதலில் மரத்துப்போவது விரல்களே. மரத்த விரல்களால் பிரேக்கைச் சரியாகப் பிடிக்க முடியாது என்பதுதான் இதிலுள்ள உண்மையான ஆபத்து. எனவே தடித்த ஒரே மேலாடையை நம்பாமல், வியர்வையை வெளியேற்றும் மெல்லிய உள்ளுடை, வெப்பத்தைப் பிடித்துவைக்கும் நடு உடை, காற்றைத் தடுக்கும் வெளியுடை என்று அடுக்கடுக்காக அணிவது நல்லது. பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்துவிடுவதால், தோலையொட்டி அணிய அது ஏற்றதன்று. புறப்படும்போது சற்றே குளிர்வதுபோல் இருந்தால் உடை சரியாக இருக்கிறது என்று பொருள். பத்து நிமிடத்தில் உடல் சூடேறிவிடும்.

இனிப் பனிக்கட்டி. காற்றின் வெப்பநிலை 2 அல்லது 3 டிகிரியாக இருக்கும்போதே சாலையின் மேற்பரப்பு உறைநிலைக்குக் கீழே போய்விடக்கூடும். மேகமற்ற இரவில் தரை தன் வெப்பத்தை வானத்தை நோக்கி இழந்துகொண்டே இருப்பதே அதற்குக் காரணம். பாலங்களுக்கு மேலும் கீழும் காற்று இருப்பதால் அவை மற்ற இடங்களுக்கு முன்பே உறைகின்றன. மரநிழல் விழும் வளைவுகளில் நண்பகல் வரைகூட பனிக்கட்டி உருகாமல் கிடக்கும். முந்தைய நாள் மழை பெய்து சாலை ஈரமாக இருந்து, இரவில் வானம் தெளிந்து, விடியலில் 3 டிகிரிக்குக் கீழே காட்டுமானால், நான் அந்தக் காலைச் சவாரியைத் தயங்காமல் தள்ளிவைப்பேன். தனியாகச் செல்பவர் வழுக்கினால் ஒருவர் மட்டும் விழுவார். ஒருவர் பின் ஒருவராக நெருங்கிச் செல்லும் வரிசையில் முன்னால் இருப்பவர் வழுக்கினால் பின்னால் வரும் அனைவரும் அவர் மீது விழுவார்கள். எதிர்பாராமல் பனிக்கட்டியின் மீது ஏறிவிட்டால் பிரேக் பிடிக்காமலும் ஹேண்டில்பாரைத் திருப்பாமலும் நேராக உருண்டு செல்ல விட வேண்டும். இரும்பு ஆணிகள் பதித்த குளிர்கால டயர்கள் பெரிதும் உதவும் என்றாலும், குழுவில் இரண்டு பேரிடம் மட்டும் அவை இருந்து மற்றவர்களிடம் இல்லாவிட்டால் அந்தச் சவாரியைப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது.

கேள்வி: மட்கார்டு இல்லாதவர்களைக் குளிர்காலச் சவாரியில் சேர்க்கக்கூடாது என்று நான் சொன்னதற்கு, என்னைக் கெடுபிடிக்காரர் என்கிறார்கள். நான் சொன்னது தவறா?

பதில்: தவறில்லை. மட்கார்டு அதை மாட்டியிருப்பவரைவிட அவருக்குப் பின்னால் வருபவரையே அதிகம் காப்பாற்றுகிறது. பின்சக்கரத்து மட்கார்டு நீளமாக இருந்து, அதன் நுனியில் ஒரு ரப்பர்த் துண்டும் தொங்கினால்தான் பின்னவரின் முகத்தில் சேறு தெறிக்காது. மாட்டிக்கொள்ள விரும்பாதவர் வரிசையின் கடைசியில் வரட்டும். எதிர்க்காற்றில் முன்னால் சென்று மற்றவர்களுக்கு மறைப்புக் கொடுக்கும் முறை அவருக்கு வராமல் போகும் என்றாலும், அந்தச் சலுகையை நீங்கள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கேள்வி: விடுமுறை நாள்களில் வீட்டில் விருந்தினர் இருக்கும்போது சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினால் என் மனைவிக்குக் கோபம் வருகிறது. குழுவில் பலருக்கும் இதே நிலைதான். இதற்கு ஏதேனும் வழி உண்டா?

பதில்: கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகு, அவரது கோபத்துக்குக் காரணம் நீங்கள் கிளம்புவது அன்று, எப்போது திரும்புவீர்கள் என்று தெரியாததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. "ஒரு பதினோரு மணிக்குள் வந்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டு ஒரு மணிக்கு வந்து நிற்பவருக்கு அடுத்த நாள் அனுமதி கிடைக்காததில் வியப்பில்லை. குழுவினர் புறப்படும் நேரத்தை மட்டும் அறிவிக்கிறார்கள். முடியும் நேரத்தையும் அறிவித்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத் தூரத்தை முடிவு செய்யுங்கள். பஞ்சருக்கு அரை மணி நேரம் முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள். ஏனெனில் சாலையிலுள்ள கூரிய கற்களையும் கண்ணாடித் துண்டுகளையும் ஈரம் டயரில் ஒட்டவைப்பதால், மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் பஞ்சர்கள் கூடுதலாக நேர்கின்றன.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். சைக்கிள் சவாரி என்றாலே விடியற்காலைதான் என்ற எண்ணம் கோடைக்காலத்துக்கு உரியது. வடகோளத்தின் நடுத்தர அட்சரேகைகளில் மிக முன்னதான சூரிய மறைவு டிசம்பர் 21க்குச் சில நாள்கள் முன்பாகவே நிகழ்ந்துவிடுகிறது. மிகத் தாமதமான சூரிய உதயமோ புத்தாண்டையொட்டித்தான் வருகிறது. ஆகவே விடுமுறை வாரத்தில் காலை இன்னும் இருண்டுகொண்டே போக, மாலை வெளிச்சம் சிறிது சிறிதாக நீளத் தொடங்கியிருக்கும். மதிய உணவுக்குப் பின் விருந்தினர்கள் உறங்கும் இரண்டு மணி நேரம், வெப்பநிலையும் உயர்ந்து சாலையும் உலர்ந்திருக்கும் நேரமாகும். அப்போது யாரும் உங்களைத் தேட மாட்டார்கள்.

கேள்வி: இரண்டு வாரம் ஓட்டாமல் இருந்தால் இவ்வளவு நாள் சேர்த்த உடல்திறன் போய்விடுமா? சைக்கிளை நகராமல் பொருத்தி ஓட்டும் டிரெய்னர் கருவியில் வீட்டுக்குள்ளேயே ஓட்டுவது போதுமா?

பதில்: போய்விடாது. ஓய்வு தொடங்கிய சில நாள்களிலேயே இரத்தத்திலுள்ள நீர்மத்தின் அளவு குறைவதால், திரும்பவும் ஓட்டத் தொடங்கும்போது முதல் ஏற்றத்தில் இதயம் வேகமாகத் துடிக்கும். பலரும் அதைக் கண்டு அஞ்சிவிடுகிறார்கள். அந்த இழப்பு பயிற்சியைத் தொடங்கியதும் விரைவில் ஈடாகிவிடும். டிரெய்னரைப் பொறுத்தவரை, வாரத்துக்கு இரண்டு முறை முக்கால் மணி நேரம் ஓட்டுவது தாராளமாகப் போதும். வெளியில் குளிராக இருந்தாலும் அறைக்குள் உடலைக் குளிர்விக்க எதிர்க்காற்று இல்லை என்பதால், நல்ல மின்விசிறி ஒன்றும் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீரும் இருக்க வேண்டும்.

கேள்வி: வீட்டில் சரியாகக் காற்றடித்துக்கொண்டு கிளம்பினாலும் வெளியே போனதும் டயர் மென்மையாகிவிடுகிறது, விளக்கும் பாதி வழியில் அணைந்துவிடுகிறது. பழுது எங்கே இருக்கிறது?

பதில்: எங்கும் பழுதில்லை. 20 டிகிரி வெப்பமுள்ள அறையில் 80 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) அடித்த டயர், 0 டிகிரி குளிரில் 73 அல்லது 74 பிஎஸ்ஐ அளவுக்கு இறங்கிவிடும். குளிர்ந்த காற்றின் அழுத்தம் குறைவது இயற்கை விதி. ஈரச் சாலையில் சற்றுக் குறைந்த அழுத்தம் பிடிமானத்துக்கு நல்லதே என்பதால், டயர் கண்ணுக்குத் தெரிய நசுங்கினாலொழிய அப்படியே விட்டுவிடலாம். விளக்கிலுள்ள லித்தியம் அயன் பேட்டரி குளிரில் தன் முழுத் திறனையும் வெளியிடாது. ஆகவே சிறிய விளக்கு ஒன்றைச் சட்டைப்பைக்குள், உடலின் வெப்பம் படும்படி, மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள். வீடு திரும்பியவுடன் உறைந்த நிலையிலேயே விளக்கைச் சார்ஜ் செய்ய வேண்டாம். அறை வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருக்காவிட்டால் பேட்டரி நிரந்தரமாகக் கெட்டுப்போகும். பனியை உருக்குவதற்காகச் சாலையில் உப்புத் தூவும் ஊர்களில், அன்றைக்கே செயினையும் பிரேக்குகளையும் தண்ணீரால் கழுவித் துடைத்து, ஈரத்துக்கென்று விற்கப்படும் எண்ணெயை இட வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் துரு முந்திக்கொள்ளும்.

கேள்வி: விடுமுறைப் பரிசாகப் புதுச் சைக்கிள் பெற்ற ஒருவர் எங்கள் புத்தாண்டுச் சவாரியில் சேர விரும்புகிறார். இதற்கு முன் அவர் குழுவில் ஓட்டியதில்லை. அவரை அழைத்துச் செல்லலாமா?

பதில்: அழைத்துச் செல்லுங்கள், ஆனால் அதற்கு முதல் நாள் உங்களில் ஒருவர் அவருடன் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கட்டும். புதுச் சைக்கிளில் இருக்கையின் உயரம் சரியாக இருக்காது, பிரேக் கம்பிகள் முதல் சில நாள்களில் தளரும், பெடல் இறுக்கமாகப் பொருந்தியிருக்காமல் போகலாம்; இவற்றையெல்லாம் குளிரில் பதினைந்து பேரை நிறுத்திவைத்துக்கொண்டு சரிசெய்யக்கூடாது. நிற்கும்போது வியர்வை குளிர்ந்து அனைவரும் நடுங்கத் தொடங்குவார்கள், பழி புதியவர் மீது விழும். சவாரி அன்று அவரை வரிசையின் நடுவில் விட்டு, முன்சக்கரத்துக்கும் முன்னவரின் பின்சக்கரத்துக்கும் இடையே ஒரு சைக்கிள் நீளமாவது விட்டு வரும்படி சொல்லுங்கள். மாற்று டியூபை அவரிடம் கேட்காதீர்கள், நீங்களே கூடுதலாக ஒன்று எடுத்துச் செல்லுங்கள். அவரது டயரின் அளவைப் பார்த்துக்கொண்டு.