அட்வான்ஸ் கட்டும் முன் ஒரு நாள் லீவு போடுங்கள்

அன்புள்ள ஐயாவுக்கு,

செவ்வாய்க்கிழமை நீங்களும் அம்மாவும் பாப்பாவை அழைத்துக்கொண்டு கல்லூரிச் சேர்க்கைக்கு என்னிடம் ஆலோசனை கேட்க வந்தபோது வெளியே இன்னும் நாலு குடும்பங்கள் காத்திருந்தன. சொல்ல வேண்டியதில் பாதியைத்தான் சொன்னேன். மீதி மனதிலேயே நிற்கிறது, அதனால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு லட்சம் கட்டாவிட்டால் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் போய்விடும் என்று அந்தத் தனியார் பல்கலைக்கழகத்திலிருந்து போன் வருவதாகச் சொன்னீர்கள். அம்மா தாலிச் சங்கிலியைத் தொட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். தயவுசெய்து வெள்ளிக்கிழமை கட்டாதீர்கள். சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும்.

"எங்க காலத்துல சீட் கிடைச்சாலே வாழ்க்கை செட்டில்" என்றீர்கள். உங்கள் காலத்துக்கு அது சரிதான். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கியது. கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் 1794-இல் தொடங்கிய நில அளவைப் பள்ளியில் இருக்கிறது. இத்தனை பழைய ஊரிலும் நூற்றாண்டுக்கு மேலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள் கொஞ்சம் பேர்தான். 1984-இல் சுயநிதிக் கல்லூரிகளுக்கு அரசு கதவைத் திறக்கும்வரை, தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். சீட்டே அரிதாக இருந்ததால், சீட்டோடு வேலையும் சேர்ந்தே வந்தது.

இன்று கதை வேறு. 2021-22 கணக்குப்படி, கல்லூரி வயதில் இருக்கும் 100 பேருக்கு 47 பேர் என்ற அளவில் தமிழ்நாட்டில் உயர்கல்வியில் சேர்கிறார்கள். இந்தியா முழுவதற்கும் சேர்த்தால் 28 சொச்சம். புதிய கல்விக் கொள்கை நாடு முழுவதும் 50-ஐத் தொட 2035 வரை கெடு வைத்திருக்கிறது. நாம் ஏறக்குறைய அங்கே வந்துவிட்டோம். மார்ட்டின் ட்ரோ என்ற அமெரிக்க அறிஞர் 1973-இலேயே இதை எழுதினார்: 100-க்கு 15 பேர் வரை படித்தால் கல்லூரி மேல்தட்டுக்கான இடம், 50-ஐத் தாண்டினால் அது எல்லோருக்குமான ஒன்று, அப்போது பட்டத்தின் பொருளே மாறிவிடும் என்று. இந்த வளர்ச்சியை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் உங்கள் மகள் எந்தப் பிரிவு எடுக்கலாம் என்று யோசித்து உட்கார்ந்திருக்கிறாள் என்றால், அதற்கு இந்த வளர்ச்சிதான் காரணம்.

ஆனால் கட்டடம் எழும்பிய வேகத்தில் ஆசிரியர்கள் உருவாகவில்லை. 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்பது விதி. 2024-இல் என்ன வெளியே வந்தது, நினைவிருக்கிறதா? ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டியிருந்தார்கள். ஒரு காலத்தில் 500-ஐத் தாண்டிய பொறியியல் கல்லூரிகள் இப்போது 400 சொச்சமாகக் குறைந்துவிட்டன. அப்படியும் வருடா வருடம் பல ஆயிரம் இடங்கள் நிரம்பாமல் கிடக்கின்றன. அதனால் சீட் போய்விடும் என்ற பயத்தை விடுங்கள். பாப்பாவுக்கு யார் பாடம் எடுக்கப் போகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதை எப்படிப் பார்ப்பது? இந்த விஷயத்தில் என்னைவிட நீங்கள் கெட்டிக்காரர். ஒரு வேலை நாளில் லீவு போட்டுக் கல்லூரிக்கு நேரில் போங்கள். வரவேற்பறையில் ஏசி போட்டு உட்கார வைத்து வீடியோ காட்டுவார்கள். எழுந்து ஒர்க்‌ஷாப்பைக் காட்டச் சொல்லுங்கள். லேத்துக்கு அடியில் இரும்புச் சுருள் கிடக்கிறதா, கூலன்ட் வாசனை வருகிறதா, இல்லை இரும்பைப் பிடிக்கும் சக்கில் தூசி படிந்திருக்கிறதா? ஓடுகிற மெஷினும் சும்மா நிற்கிற மெஷினும் உங்கள் கண்ணுக்குத் தப்பாது. லேபிலும் அப்படித்தான்: ரெக்கார்டு நோட்டை வாங்கிப் புரட்டி, கடைசியாகச் செய்த சோதனையின் தேதியைப் பாருங்கள். அப்புறம் கேன்டீனுக்குப் போய் மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம் பேசுங்கள். போன செமஸ்டரில் எத்தனை ஆசிரியர்கள் பாதியில் போனார்கள் என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். கேன்டீனில் பத்து நிமிடத்தில் தெரிந்துகொண்டது எந்த நோட்டீஸிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்றும் உண்டு. தன்னோடு இணைந்த கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. ஒரு வருடத்தோடு நிற்காமல் மூன்று நான்கு செமஸ்டர் சேர்த்துப் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்துவதால் இந்த ஒப்பீடு அவற்றுக்குப் பொருந்தாது. நாக், என்பிஏ என்று இரண்டு தரச் சான்றுகள் உண்டு: நாக் கல்லூரி மொத்தத்துக்கும், என்பிஏ குறிப்பிட்ட பாடப்பிரிவுக்கும். பாப்பா சேரப் போகும் பிரிவுக்கு என்பிஏ இருக்கிறதா, எந்த வருடம் வரை செல்லும் என்று கேளுங்கள்.

இனி பணம். உங்கள் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை. முதல் பட்டதாரிச் சான்றிதழ் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிடைக்கும். அரசு கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால் அதைக் காட்டிக் கல்விக் கட்டணத்தில் சலுகை பெறலாம். மேனேஜ்மென்ட் கோட்டாவிலும் அந்தத் தனியார் பல்கலைக்கழகத்திலும் அது கிடையாது. குடும்பத்தில் ஒருவருக்குத்தான் இந்தச் சலுகை, பாப்பாவின் தம்பிக்கு வராது என்பதையும் இப்போதே மனதில் வையுங்கள். கவுன்சிலிங் இடத்துக்கு அரசுக் குழு நிர்ணயித்த கட்டணம்தான். அதைக் கட்டவும் பணம் போதாவிட்டால் வங்கிக் கடன் இருக்கிறது. 4 லட்சம் வரை பொதுவாக அடமானம் கேட்பதில்லை. ஒன்று முக்கியம்: மார்க் ஷீட், டிசி அசல்களை எங்கேயும் விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-இலேயே சொல்லிவிட்டது.

2003-இல் என் தம்பியை அண்ணா பல்கலைக்கழகத்துக்குக் கவுன்சிலிங்குக்கு அழைத்துப் போனேன். பெரிய திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். எங்கள் முறை வந்ததும் சில நிமிடத்தில் முடிவு சொல்ல வேண்டும். பதற்றத்தில் அவனைக் கேட்காமல் நானே ஒரு பிரிவைச் சொல்லிவிட்டேன். நாலு வருடம் முகம் சுளித்துக்கொண்டே படித்தான். இன்றும் அதை நினைத்தால் எனக்கு உறுத்துகிறது. இப்போது எல்லாம் ஆன்லைன். வீட்டில் உட்கார்ந்து, எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் விருப்ப வரிசையில் போடலாம். பாப்பாவின் 164 கட்-ஆஃப் மதிப்பெண்ணுக்குப் போன வருடம் எங்கெங்கே எந்தப் பிரிவு கிடைத்தது என்ற பட்டியலும் இணையத்தில் இருக்கிறது. பிரவுசிங் சென்டர்காரர் கையில் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். சந்தேகம் வந்தால் அரசின் சேவை மையத்துக்குப் போங்கள்.

அன்று நாற்பது நிமிடம் பேசினோம். பாப்பா வாயே திறக்கவில்லை. எழுந்து போகும்போது நான் கேட்டதால், பக்கத்து வீட்டு மிக்சியைப் பிரித்து மோட்டார் காயிலை மாற்றிக் கொடுத்ததைச் சொன்னாள். அப்போது அவள் முகத்தைப் பார்த்தீர்களா? நீங்கள் மூவரும் எலக்ட்ரிக்கல் என்ற வார்த்தையை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவளாகக் கேட்டால் கம்ப்யூட்டரே படிக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் கேட்க வேண்டும். கல்லூரி பார்க்கப் போகும்போது அவளையும் அழைத்துப் போங்கள். வந்த பிறகு வெள்ளைத் தாளில் முதல் பத்து விருப்பத்தை அவளே எழுதட்டும். அந்தத் தாளோடு அடுத்த செவ்வாய் வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.