வோல்டேஜ் இறங்கினால் ஆம்பியர் ஏறுமா? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி (அந்தியூர் வாசகர்): சாயங்காலமானா எங்க பக்கம் வோல்டேஜ் 190-க்கு இறங்கிடுதுங்க. அந்நேரம் 1,500 வாட் ஹீட்டர் ராடுல தண்ணி காய ரொம்ப நேரம் ஆகுது. வோல்டேஜ் கம்மியானா ஆம்பியர் அதிகமா இழுக்கும், பில்லும் ஏறும்னு எலக்ட்ரீஷியன் சொல்றாருங்க. நெசமுங்களா?

பதில்: ராடுக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. ராடுக்குள் இருப்பது நிக்ரோம் கம்பிச் சுருள். சூடேறினாலும் அதன் மின்தடை பெரிதாக மாறுவதில்லை. அதனால் ஓம் விதி இங்கே அப்படியே செல்லும்.

முதலில் ராடின் மேல் போட்டிருக்கும் வாட்டை வோல்ட்டால் வகுங்கள்: 1,500 ÷ 230 = 6.52 ஆம்பியர். பிறகு வோல்ட்டை ஆம்பியரால் வகுங்கள்: 230 ÷ 6.52 = 35.3 ஓம். இந்த 35.3 மாறாது. இனி 190 வோல்ட்டில் என்ன ஆகும்? 190 ÷ 35.3 = 5.38 ஆம்பியர். வாட் = 190 × 5.38, அதாவது 1,020 சொச்சம். வோல்டேஜ் 17 சதவீதம்தான் குறைந்தது, வாட்டோ 32 சதவீதம் குறைந்துவிட்டது. வோல்ட் குறையும்போது ஆம்பியரும் கூடவே குறைவதால், இரண்டையும் பெருக்கும் இடத்தில் அடி இரட்டிப்பாக விழுகிறது.

ஒரு பெரிய பக்கெட், 20 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரி தண்ணீரை 45 டிகிரிக்குக் கொண்டுவர 1,680 கிலோஜூல் வேண்டும். 230 வோல்ட்டில் 19 நிமிடம், 190 வோல்ட்டில் 27 நிமிடம். யூனிட் என்று பார்த்தால் இரண்டுமே 0.47-தான். கூடுதலாக நிற்கும் 8 நிமிடத்தில் பக்கெட்டிலிருந்து வெளியேறும் சூட்டுக்குக் கொஞ்சம் கூடும், அவ்வளவே.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ராடில் படியும் வெள்ளைப் படிவத்தை அவ்வப்போது நீக்கிவிடுங்கள். படிவத்தால் ராடு இழுக்கும் வாட் குறைவதில்லை. சூடு தண்ணீருக்குப் போக வழியின்றி உள்ளேயே தேங்கி, சுருள்தான் அறுந்துபோகும்.

உங்கள் எலக்ட்ரீஷியன் சொன்னது மோட்டாருக்குச் சரி. அடுத்த பதிலைப் பாருங்கள்.

கேள்வி (காங்கேயம் பக்கத்துத் தோட்டக்காரர்): கிணத்துல 5 எச்.பி. மூணு பேஸ் மோட்டாருங்க. 415 வோல்ட், வயரைக் கவ்வி அளக்கற டாங் டெஸ்டர்ல 7.5 ஆம்பியர் காட்டுது. பெருக்கினா 3,112 வாட். ஆனா 5 எச்.பி.ன்னா 3,730 வாட்டுங்களே. வாங்கறதைவிட அதிகமா எப்படிங்க குடுக்கும்?

பதில்: அளவு சரி, பெருக்கலில்தான் ஒன்று விட்டுப்போயிற்று. 415 என்பது இரண்டு பேஸுக்கு நடுவே இருக்கும் வோல்ட். ஒரு பேஸின் பங்கு அதை 1.732-ஆல் வகுத்தால் வரும் 240 வோல்ட். அந்த 240-ஐ 7.5-ஆல் பெருக்கி, மூன்று பேஸுக்கும் சேர்த்தால் 5,400. இதுவும் முழுக்க வாட் ஆகிவிடாது. மோட்டாரில் மின்னோட்டம் வோல்ட்டுக்குச் சற்றுப் பின்தங்கியே வரும். அதற்கான கழிவுதான் பவர் ஃபேக்டர். முழு லோடில் அதை 0.82 என்று கொண்டால் 4,420 வாட் மோட்டாருக்குள் போகிறது, 3,730 வாட் தண்டில் கிடைக்கிறது. மீதி 690 வாட் காயிலிலும் இரும்பிலும் பேரிங்கிலும் சூடாகக் கழிகிறது.

பம்பு கேட்கும் வேலை வோல்ட்டைப் பார்த்து அவ்வளவாகக் குறையாது. வோல்டேஜ் 370-க்கு இறங்கினால், அதே வேலையை முடிக்க மோட்டார் சுமார் 8.4 ஆம்பியர் இழுக்கும். காயிலில் உண்டாகும் சூடு ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி, மின்தடையால் பெருக்கியது. 7.5 என்பது 8.4 ஆகும்போது சூடு கால் பங்கு கூடிவிடுகிறது. ஆம்பியர் மீறினால் மோட்டாரை நிறுத்தும் ரிலே ட்ரிப் ஆகிறதே என்று அதன் முள்ளை 10 ஆம்பியருக்குத் திருப்பிவைப்பதைப் பல தோட்டங்களில் காணலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தகட்டில் போட்டிருக்கும் ஆம்பியரில்தான் ரிலே நிற்க வேண்டும். அதைத் தாண்டி ஓடவிட்டால் அடுத்த செலவு காயில் கட்டுவதுதான்.

மோட்டார் ஓடும்போது மீட்டர் பெட்டியில் ஒருமுறை, கிணற்று மேட்டில் ஒருமுறை வோல்ட் அளந்து பாருங்கள். நிறுத்திவிட்டு அளந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் காட்டும், ஏனென்றால் மின்னோட்டம் இல்லாமல் கேபிளில் வோல்ட் இறங்காது. 200 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. காப்பர் கேபிள் போட்டிருந்தால் ஒரு கம்பியின் மின்தடை ஏறக்குறைய 1.5 ஓம். 7.5 ஆம்பியரில் ஒரு கம்பிக்கு 11.25 வோல்ட்; அதை 1.732-ஆலும் பவர் ஃபேக்டர் 0.82-ஆலும் பெருக்கினால், பேஸுக்கு நடுவே 16 வோல்ட் அங்கேயே போய்விடும். மூன்று கம்பியிலும் சேர்த்து 250 வாட் நட்டம், அதாவது நாலு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு யூனிட். 6 சதுர மி.மீ. கேபிளில் இந்த நட்டம் 100 வாட் பக்கம் வந்துவிடும். தண்ணீர் எடுக்கும் மாதங்கள் அதிகமென்றால் கேபிள் மாற்றுவது வீண் செலவல்ல.

கேள்வி (சிங்காநல்லூர் வாசகர்): அரை எச்.பி. கிரைண்டர் மோட்டாரோட ரன்னிங் காயில் 9 ஓம் காட்டுதுங்க. 230-ஐ 9-ஆல வகுத்தா 25 ஆம்பியர் வருது. ஓடறப்ப 3 ஆம்பியர் தாண்டலீங்களே?

பதில்: மல்டிமீட்டர் அளப்பது செம்புக் கம்பியின் மின்தடையை மட்டும். ஏசி மின்னோட்டம் பாயும்போது காயிலின் காந்தப்புலம் தனியாக ஒரு தடை தருகிறது. ரோட்டார் சுற்றச் சுற்ற, வரும் வோல்ட்டை எதிர்த்தும் ஒரு வோல்ட் உண்டாகிறது. அதனால்தான் 3 ஆம்பியரோடு நிற்கிறது. கல் இறுகி மோட்டார் சுற்றாமல் உறுமினால் அந்த எதிர்ப்பு போய்விடும், ஆம்பியர் பல மடங்கு ஏறும். உடனே சுவிட்சை அணைக்காவிட்டால் காயில் கருகிவிடும்.

ஓம் அளவு எதற்குப் பயன்படும் என்றால், காயில் அறுந்ததா என்று பார்க்க. பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்து கழற்றிவிட்டு அளக்க வேண்டும். மோட்டாரிலிருந்து வரும் மூன்று வயரில் காமனுக்கும் ரன்னிங்குக்கும் 9, காமனுக்கும் ஸ்டார்ட்டிங்குக்கும் 16 என்றால், ரன்னிங்குக்கும் ஸ்டார்ட்டிங்குக்கும் 25 வர வேண்டும். கூட்டல் ஒத்துவராவிட்டால் காயிலில் கோளாறு. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் 0.3 அல்லது 0.4 ஓமைக் கழித்துக்கொள்ளுங்கள். டாங் டெஸ்டரில் ஆம்பியர் பார்க்கும்போது ஒற்றை வயரை மட்டும் வாய்க்குள் விடுங்கள். பேஸும் நியூட்ரலும் சேர்ந்து போனால் பூஜ்யம்தான் காட்டும்.