எல்க் வேட்டைக்கு எந்தத் தோட்டா?

கேள்வி: கொலராடோவில் எல்க் மான் வேட்டைக்கு உரிமம் கிடைத்திருக்கிறது. துப்பாக்கி .30-06 அளவுத் தோட்டாவுக்கானது. 400 கஜத்துக்கு எந்தத் தோட்டா சரிவரும்?

பதில்: தோட்டாவிலிருந்து பறக்கும் குண்டின் எடை 180 கிரெய்ன் (சுமார் 12 கிராம்) இருந்தால் போதும். பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அது குழல் வாயில் உள்ள வேகம். நொடிக்கு 2,700 அடியில் கிளம்பும் குண்டு 400 கஜத்தில் ஏறக்குறைய 2,000 அடிக்கு இறங்கிவிடும். முழுச் செம்புக் குண்டுகள் பலவும் அந்த வேகத்துக்குக் கீழே, உடலில் பட்டதும் சரியாக விரியாது. ஊசிபோலத் துளைத்துப் போய்விடும், மான் காயத்தோடு ஓடி மெல்லச் சாகும், பாவம். ஈயமும் செம்பு உறையும் ஒட்டிய 'பாண்டட்' வகை, வேகம் நொடிக்கு 1,800 அடிக்கு இறங்கினாலும் விரியும், அதையே எடுங்கள். இலக்கு சுடும் போட்டிக்கான மெல்லுறைக் குண்டு வேண்டவே வேண்டாம், தோள் எலும்பில் சிதறிவிடும்.

200 கஜத்தில் குறி சரியாக விழும்படி சரிசெய்த துப்பாக்கியில் 400-இல் குண்டு சுமார் இரண்டடி தாழும். வேட்டைக்கு எடுத்துப்போகும் அதே தோட்டாவால் சுட்டுப் பாருங்கள். எட்டங்குல வட்டத்துக்குள் எல்லாம் விழாவிட்டால், அந்தத் தூரத்தில் மானைச் சுடாதீர்கள்.