புது டயர் போட்டும் ஸ்டியரிங் ஆடுகிறதே?

கேள்வி: போன மாதம் என் காருக்கு நான்கு டயரையும் மாற்றினேன். நேரமாகும் என்றார்கள், காரைக் கடையில் விட்டுவிட்டு ஆபீஸ் போய்விட்டேன். ஊருக்குள் ஓட்டியவரை ஒன்றும் தெரியவில்லை. மதுரைக்குப் போகும்போது 80-ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடியது. கடைக்காரரைக் கேட்டால், "புது டயர் அப்படித்தான், ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் செட் ஆகிவிடும்" என்கிறார். டயரைப் பார்த்தால் இரண்டில் 3025 என்றும் மற்ற இரண்டில் 1123 என்றும் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: அது தானாகச் செட் ஆகாது. புது டயரின் மேல்பரப்பில் கொஞ்சம் வழுவழுப்பு இருக்கும், அதனால் முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டச் சொல்வார்கள். ஸ்டியரிங் ஆடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வீல் பேலன்சிங் சரியாக இல்லை. டயரும் ரிம்மும் எல்லாப் பக்கமும் ஒரே எடையாக இருக்காது. சில கிராம் வித்தியாசம்கூட வேகமாகச் சுற்றும்போது உதறலாக மாறிவிடும். அதைச் சரிக்கட்டத்தான் ரிம்மின் ஓரத்தில் சின்னச் சின்ன வெயிட் வைக்கிறார்கள். ரிம்மில் ஒட்டிய சேற்றைச் சுரண்டாமல், பழைய வெயிட்டைக் கழற்றாமல் அவசரத்தில் மாட்டினால் கணக்கு தப்பிவிடும். ஆட்டம் ஸ்டியரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கரம், சீட்டில் தெரிந்தால் பின்சக்கரம். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் அலைன்மென்ட்டை, அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தை, சந்தேகப்படுங்கள். இரண்டும் வேறு வேறு வேலை.

காரை அதே கடைக்குக் கொண்டுபோய் இலவசமாக மறுபடி பேலன்ஸ் செய்யச் சொல்லுங்கள். இந்த முறை பக்கத்திலேயே நில்லுங்கள். வெயிட் வைத்தபின் சக்கரத்தை இன்னொரு தரம் சுற்றவிட்டு, மெஷினில் உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டுக்கும் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். அப்புறமும் ஆடினால் முன்சக்கரங்களைப் பின்னால் மாற்றி ஓட்டிப் பாருங்கள். ஆட்டமும் பின்னால் போனால் கோளாறு அந்த டயரிலோ ரிம்மிலோ இருக்கிறது. ரிம் நெளிந்திருந்தால் மெஷினில் சுற்றும்போது கண்ணுக்கே தெரியும்.

அந்த எண்களுக்கு வருகிறேன். முதல் இரண்டு இலக்கம் வாரம், கடைசி இரண்டும் வருடம். 1123 என்றால் 2023-ன் 11-வது வாரம், அதாவது மார்ச் நடுவில் செய்த டயர். நிழலில் ஒழுங்காக வைத்திருந்த டயர் அதற்குள் கெட்டுப்போகாது, பயப்பட வேண்டாம். ஆனால் அதையும் புது டயரையும் ஒரே விலைக்கு, ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் தள்ளிவிட்டது நியாயமே இல்லை. மாற்றித் தரவோ விலையைக் குறைக்கவோ கேளுங்கள். வாரன்டி பில் தேதியிலிருந்தா, தயாரிப்புத் தேதியிலிருந்தா என்பதையும் அட்டையில் பார்த்துவிடுங்கள். பல டயர்களில் இந்த எண் ஒரு பக்கத்தில்தான் இருக்கும், மாட்டும்போது உள்பக்கமாகப் போய்விடலாம். அதனால் மாட்டுவதற்கு முன்பே டயரைத் தரையில் உருட்டிப் பார்த்துவிட வேண்டும்.

கடைக்காரர் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. கையில் பில் இருக்க வேண்டும்.

கேள்வி: இரண்டு டயர் மட்டும்தான் மாற்றுகிறேன். கடையில் முன்னால் போடச் சொல்கிறார்கள். என் தம்பி பின்னால்தான் போட வேண்டும் என்கிறான். யார் சொல்வது சரி?
– கோவை வாசகி

பதில்: தம்பி சொல்வதுதான் சரி. இன்ஜின் இழுப்பதும் ஸ்டியரிங் திருப்புவதும் முன்சக்கரம், தேய்வதும் அதுதான் என்பதால் புதியதை அங்கே போடத் தோன்றும். ஆனால் மழையில் யோசித்துப் பாருங்கள். தேய்ந்த முன்டயர் தண்ணீரில் வழுக்கினால் கார் நேராகப் போகப் பார்க்கும், ஆக்சிலரேட்டரை விட்டால் பெரும்பாலும் பிடி கிடைத்துவிடும். தேய்ந்த பின்டயர் வழுக்கினால் காரின் பின்பகுதி சுழன்றுவிடும், நம்மில் பெரும்பாலோரால் அதை மீட்க முடியாது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: முன்னால் போகும் பழைய டயரில் பட்டன் (தரையில் படும் வரிகளின் ஆழம்) 1.6 மில்லிமீட்டருக்கு அருகில் வந்திருந்தால், அதாவது பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு மட்டத்துக்கு வந்திருந்தால், நான்கையும் மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: வீல் நட்டை கன் (நட்டை வேகமாகச் சுற்றி முடுக்கும் மெஷின்) வைத்து முடுக்கினார்கள். கையால் முடுக்கச் சொன்னதற்குக் கோபப்பட்டார்கள். நான் கேட்டது தவறா?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: தவறே இல்லை. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன், டயர் மாற்றி நான்காம் நாள், விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி இரவு பதினொரு மணிக்குப் பஞ்சர். பின்சீட்டில் அம்மா. காரோடு வந்த ஸ்பேனரில் ஏறி நின்று மிதித்தும் ஒரு நட்கூட அசையவில்லை. வண்டியை நிறுத்தி இறங்கிவந்த லாரி டிரைவர் ஒருவர் ஸ்பேனர் கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகி நெம்பித்தான் கழற்றினார். கன்னால் அளவுக்கு மீறி முடுக்கினால் மரை கெடும், போல்ட் வலுவிழக்கும். கையால் நட்டைப் பிடிக்கவைத்து, கடைசியில் டார்க் ரெஞ்ச்சில், அதாவது எவ்வளவு இறுக்கம் என்று அளவு வைத்து முடுக்கும் ஸ்பேனரில், முடுக்குவதுதான் முறை. உங்கள் காருக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை மறுபடி சரிபாருங்கள். கடையில் கோபப்பட்டால் படட்டும், நடுரோட்டில் நிற்கப்போவது நீங்கள்.

கேள்வி: போனில் சொன்ன விலைக்கு மேல் ஃபிட்டிங், வால்வு, வெயிட், நைட்ரஜன் என்று 2,300 ரூபாய் சேர்த்துவிட்டார்கள். பில் வேண்டாம் என்றால் குறைப்பார்களாம்.
– சேலம் வாசகர்

பதில்: பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். டயர் வீங்கினால் நாளை யாரிடம் போய் நிற்பீர்கள்? 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது, பில்லில் அதையும் பாருங்கள். புது வால்வு அவசியம், அதற்குக் கொடுக்கலாம். நைட்ரஜன் வேண்டாம் என்று தாராளமாகச் சொல்லலாம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இனிமேல் போனில் கேட்கும்போது, "எல்லாம் சேர்த்து, மாட்டி முடித்து எவ்வளவு?" என்று கேட்டு, அதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

பழைய டயர்களைக் கடையிலேயே விட்டுவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவற்றுக்கும் ஒரு விலை உண்டு, கேட்டிருந்தால் பில்லில் கழித்திருப்பார்கள். இன்னும் அங்கேதான் கிடக்கிறது என்றால் இன்றைக்கே ஒரு போன் போட்டுப் பாருங்கள்.